எத்தனை சுத்து

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்து நாலு. காலில் சேப்டி ஷூ, காதில் பஞ்சு, விரல் நுனியில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ். பெயர் தமயந்தி. ஓசூருக்கு வெளியே ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கருவிகளைப் பழுது பார்க்கும் டூல் ரூம் அவள் பொறுப்பு. சீடருக்கு ஐம்பத்து நாலு வயது. பெயர் தாண்டவராயன். இப்படியும் அமைவதுண்டு.

தாண்டவராயன் பத்தொன்பது வருடம் லைனில் நின்றவர். நோயாளி உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலின் இரு பக்கமும் கம்பித் தடுப்பு இருக்குமே, அதை எட்டு போல்ட் போட்டு முடுக்குவது அவர் வேலை. தலைக்கு மேலே ஏர் கன் தொங்கும். காற்றில் ஓடுகிற கன் அது. போல்ட் வேண்டிய அளவுக்கு இறுகியதும் உள்ளே இருக்கிற கிளட்ச் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். காற்று நின்றுவிடும். அதற்குமேல் யார் கெஞ்சினாலும் அது முறுக்காது. டக் கேட்டதும் போல்ட் தலையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. அடுத்த போல்ட்.

எட்டு டக், எட்டுக் கோடு, கட்டில் நகர்ந்துவிடும். பக்கத்து ஆளோடு எலெக்‌ஷன் கதை பேசிக்கொண்டே தாண்டவராயன் எட்டையும் எண்ணிவிடுவார். எண்ணுவது வாய் அல்ல, காது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் காது ஒரு டக்கையும் தவறவிட்டதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன ஆவணியில் அவருடைய மகன் செத்துப்போனான்.

ஒரே மகன். குணாளன், இருபத்தாறு வயது. புனேயில் வேலை, அங்கேயே ஓர் அறை. தாண்டவராயன் தினமும் காலை பத்து பத்துக்கு, டீ இடைவேளையில், அவனுக்குப் போன் போடுவார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா."

"சரி, வெச்சிடறேன்."

நாலு வருடம் ஒரு நாள் தப்பாமல் கேட்டார். அந்த வியாழக்கிழமையும் கேட்டார். அவனும் சொன்னான். வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை. சனிக்கிழமை அந்த வீட்டுக்காரர் கதவை உடைத்தார்.

டைபாய்டு முற்றிப்போயிருந்தது. அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூட இருந்த பையனும் வேறு ஊருக்குப் போய்விட்டான். எதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரமாக வயிற்றில் ஒன்றுமே இறங்கவில்லை என்று அங்கே டாக்டர் இந்தியில் சொன்னார். யாரோ அதைத் தமிழில் சொன்னார்கள். அன்றைக்குச் சொன்ன எத்தனையோ விஷயங்களில் தாண்டவராயன் காதில் விழுந்தது இது ஒன்றுதான். அந்த ஒரு வாரத்தில் அவன் போனை எடுத்தது ஆறு தடவை. ஆறு தடவையும் 'சாப்ட்டேன்பா'.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது கை நடுங்கியது. கன்னின் முனை போல்ட் தலையில் உட்காராமல் வழுக்கியது. லைனிலிருந்து எடுத்து டூல் ரூமில் போட்டார்கள். பத்தொன்பது வருடம் பிடித்த கன்னை அதுவரை அவர் திறந்து பார்த்ததே இல்லை.

டூல் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்தவர் முதல் வாரம் கன்னைத் தொடக்கூடாது. ஒரு தட்டில் கிளட்ச் ஸ்பிரிங்குகள் கலந்து கிடக்கும், நல்லதும் சோர்ந்ததும். விரலால் அழுத்தி அழுத்தி அவற்றைப் பிரிக்க வேண்டும். ஒரு கிளட்ச்சைத் திறந்தால் அந்த ஸ்பிரிங்கும் நாலைந்து எஃகுக் குண்டுகளும்தான் இருக்கும். குண்டுகள் குழியில் உட்கார்ந்திருக்கும். முறுக்கு ஏறினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு குழியைவிட்டுத் தாவும். அந்தத் தாவல்தான் டக். இவ்வளவுதான் சமாசாரம் என்று தெரிந்தபோது தாண்டவராயனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

தமயந்தி அதிகம் பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் பதிலுக்கு ஒரு பொருளை எடுத்துக் கையில் கொடுப்பாள். லைனிலிருந்து யார் என்ன புகாரோடு வந்தாலும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"எத்தனை சுத்து போச்சு?"

யாருக்கும் தெரியாது. டக் கேட்டதா என்றால் தெரியும். போல்ட் எத்தனை சுற்று உள்ளே போனது என்பதை யார் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்? அந்தப் பொம்பளைக்கு மரை கழன்றுபோச்சு என்று கேன்டீனில் சிரிப்பார்கள். தாண்டவராயனும் ஒரு காலத்தில் சிரித்தவர்தான்.

மூன்றாம் நாள் ஸ்பிரிங் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டார்.

"மேடம், நான் தெனமும் கேட்டனே. கேக்காத அப்பன் இல்லியே நானு. எதுல தப்பு விட்டேன்?"

தமயந்தி ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அழுத்துங்கண்ணா."

அழுத்தினார். "நல்லாத்தான இருக்குது?"

"ம்."

அவ்வளவுதான். தாண்டவராயனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் கேட்டது பெரிய ஞானம் ஒன்றுமில்லை. 'உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்' என்று ஒரு வார்த்தை. சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், டீக்கடைக்காரர்கூடச் சொன்னார். ஒருவர் சொன்னதையும் அவரால் நம்ப முடியவில்லை. இவள் சொன்னால் நம்பலாம். அளந்து பார்க்காமல் இவள் எதையும் சொல்லமாட்டாள்.

இப்போது பத்து பத்துக்கு அவர் மனைவிக்குப் போன் போட்டார். பகலில் பச்சையம்மாள் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். மகன் போன பிறகு அவள் வாசலுக்கு வருவதும் இல்லை, வாய்விட்டு அழுவதும் இல்லை. அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வீடு திரும்பும்போதும் அப்படியே இருப்பாள். வரும் வழியில் அவர் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, அவளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப்போய் வைப்பார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"சரி, வெச்சிடறேன்."

டூல் ரூமில் இன்னொரு மேஜையில் டீ குடித்துக்கொண்டு தமயந்தி இதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு கட்டில் திரும்பி வந்தது. ஏதோ ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் புரண்டு படுத்திருக்கிறார். பக்கத் தடுப்பு அப்படியே சாய்ந்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறாராம். தடுப்பின் ஒரு பக்கத்து போல்ட்டுகள் ஆடி ஆடிக் கழன்றிருந்தன. போல்ட் தலைகளில் மஞ்சள் கோடு அப்படியே இருந்தது.

லைனில் ஒவ்வொருவர் கோடும் ஒவ்வொரு மாதிரி. தாண்டவராயன் கோட்டின் முடிவில் ஒரு சின்ன வால் விடுவார். இந்தக் கோடுகளில் வால் இருந்தது. தேதி பார்த்தால், மகன் சாவதற்கு ஒரு மாதம் முன்னால் செய்த கட்டில்.

கூடவே மானேஜர் அறையிலிருந்து ஒரு தாளும் வந்தது. காரணம் என்ற தலைப்பின் கீழே இரண்டு கட்டம். கருவி, ஆள். இடைவேளைக்குள் டூல் ரூம் சொல்லியாக வேண்டும்.

"உங்க பழைய கன்ன எடுத்துட்டு வாங்கண்ணா" என்றாள் தமயந்தி.

எடுத்து வந்தார். அவரே திறந்தார். ஸ்பிரிங்கை அழுத்தினார். சோர்வில்லை. குண்டுகளை வெளிச்சத்தில் உருட்டினார். ஒரு கீறல் இல்லை. திரும்பப் பூட்டி, முறுக்கு அளக்கிற மீட்டரில் வைத்து அமுக்கினார்.

டக். பன்னிரண்டு. அது இருக்க வேண்டிய அளவு.

மறுபடி அமுக்கினார். பன்னிரண்டு. மறுபடி. பன்னிரண்டு. ஒரு தடவையாவது ஒன்பது காட்டாதா, பதினைந்துக்கு எகிறாதா என்று இருபது தடவை அமுக்கினார். இத்தனை ஒழுங்கான கிளட்ச் அந்தத் தொழிற்சாலையிலேயே வேறு இருந்திருக்காது. மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"மேடம், கிளட்ச் கோளாறுன்னு எழுதிடுங்க."

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலைக்குப் பயந்து சொல்லல. வேல போனா போகட்டும். எனக்கு டக்குன்னு கேட்டுச்சு மேடம். எட்டும் கேட்டுச்சு. கேக்காம நான் கோடு போட்டதில்ல. கேட்டும் அது எறுகலன்னா, அது பொய் சொல்லிச்சுன்னுதான அர்த்தம்? கிளட்ச் பொய் சொல்லும்னு ஒரே ஒரு தடவ உங்க கையால எழுதிடுங்க. எனக்கு அது போதும்."

அவர் பேசுவது கட்டிலைப் பற்றி மட்டுமல்ல என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுதினால் ஒரு மனிதர் இன்று ராத்திரி தூங்குவார். பேனா பக்கத்திலேயே இருந்தது. கன்னின் பிடியில் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது, சரிபார்க்கப்பட்டது என்று அவள் கையெழுத்தோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்துபோய் மூலையில் கிடந்த சாமான்களைக் கிளறினாள். அந்த மாதத்துச் சரக்கில் மிஞ்சிய ஒரு கட்டில் சட்டத்தையும், ஒரு தடுப்புக் கம்பியையும் கொண்டுவந்து மேஜையில் பூட்டினாள். புது போல்ட் ஒன்றை ரப்பர் வாஷரோடு எடுத்துக் கொடுத்தாள்.

"லைன்ல போடற மாதிரியே போடுங்கண்ணா."

கன் முனையில் போல்ட்டைச் செருகினார். ஓட்டையில் வைத்தார். அமுக்கினார். ஒரு நொடி உறுமல்.

டக்.

"கோடு போடுங்க."

போட்டார். வால் தானாக வந்துவிட்டது.

"இப்ப கம்பிய ஆட்டுங்க."

ஆட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் அழுத்தி ஆட்டியபோது போல்ட் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் மெல்லப் பிதுங்கித் திரும்ப உள்ளே போனது. மறுபடி ஆட்டினார். மறுபடி அசைந்தது. மஞ்சள் கோடு அதே இடத்தில் இருந்தது.

"எத்தனை சுத்து போச்சு?" என்று கேட்டாள் தமயந்தி.

அவர் எண்ணவில்லை. அவள் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே எண்ணினாள்.

"ஒம்பதரை போச்சு. பதினொண்ணு போகணும்."

ஓட்டைக்குள் டார்ச் அடித்துக் காட்டினாள். உள்ளே, மரையின் கடைசியில், கட்டிலுக்கு அடித்த வெள்ளை பெயின்ட் வழிந்து கட்டி தட்டிப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"அங்க போயி முட்டுது" என்றார் தாண்டவராயன்.

"ஆமா."

"முட்டினதுக்கும் டக், எறுகினதுக்கும் டக்கா?"

"ஆமாண்ணா."

"அப்ப அது பொய்தான?"

"பன்னெண்டு வந்துச்சு. வந்துச்சுன்னு சொல்லிச்சு."

"எறுகலியே மேடம்!"

"எறுகிச்சான்னு நாம அதக் கேக்கல."

தாண்டவராயன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் லைன் ஓடிக்கொண்டிருந்தது. டக், டக், டக் என்று சுவரைத் தாண்டிச் சத்தம் வந்தது. பத்தொன்பது வருடம் எண்ணிய சத்தம். இன்றைக்கு முதல் தடவையாக அவரால் அதை எண்ண முடியவில்லை.

"எப்படித்தான் தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டார்.

அவள் இன்னொரு போல்ட்டை எடுத்து, கன் இல்லாமல், விரலால் அதே ஓட்டையில் சுற்ற ஆரம்பித்தாள். நிதானமாகச் சுற்றினாள். பாதியில் அவர் கையைப் பிடித்து போல்ட் தலைமேல் வைத்தாள். அவர் சுற்றினார். எட்டாவது சுற்றில் விரலுக்கு ஒரு பிசுக்குத் தட்டியது. இன்னும் கொஞ்சம் சுற்றினார். போல்ட் மாட்டேன் என்றது.

விரலுக்குத் தெரிந்தது. குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"கையால ஏத்திட்டு அப்பறம் கன் புடிக்கணும்னு போர்டுலயே எழுதி வெச்சிருக்காங்க" என்றார் அவர். "யாரும் செய்யறதில்ல. ஒரு போல்ட்டுக்கு ஆறு செகண்ட் ஆவும்."

"ஆகும்."

"லைன்ல ஆறு செகண்ட் ஏது மேடம்?"

இடுப்பு உடைந்து கிடக்கும் பெரியவர் ஒருவர் எங்கோ இருந்தார். புனேயில் ஓர் அறை வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருக்கும்.

தாண்டவராயன் பேனாவை எடுத்தார். தாளில் ஆள் என்ற கட்டத்தில் குறி போட்டார். கீழே, தன் கோணல் கையெழுத்தில், 'கையால் ஏற்றிப் பார்க்கவில்லை' என்று எழுதிப் பெயர் போட்டார். தமயந்தி தாளை வாங்கிப் படித்தாள். கருவி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'கன் சரி. மரையைப் பார்க்காமல் கன்னை மட்டும் சரிபார்த்தவள் நான்' என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள். இருவருமே அதனால் லேசாகிவிடவில்லை.

பத்து பத்துக்குச் சங்கு ஊதியது. லைன் நின்றது. சுவருக்கு அப்பால் சத்தம் அடங்கியது.

டீ வந்தது. அவர் தொடவில்லை. பழக்கத்தில் கை பாக்கெட்டுக்குப் போய்ப் போனை எடுத்தது.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றாள் பச்சையம்மாள்.

கட்டை விரல் சிவப்புப் பொத்தானுக்குமேல் போய் நின்றது. 'சரி, வெச்சிடறேன்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேஜையில் அந்த போல்ட் பாதி ஏறியபடி நின்றிருந்தது. தாண்டவராயன் அதையே பார்த்தார்.

"என்ன சாப்ட்ட?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"பச்ச, என்ன சாப்ட்ட?"

சாம்பார், ரசம், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடமாட்டாளா என்று காத்திருந்தார். நேற்று அவர் வாங்கி வைத்த பொட்டலம் இன்று காலையும் கட்டுப் பிரிக்காமல் அடுப்பு மேடையில் இருந்தது. இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. முந்தாநாள் பொட்டலத்தை அவரே எடுத்து வெளியே கொட்டினார், கெட்டுப்போய்விட்டது என்று. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

"பச்ச."

"இத அவங்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

நாலு வருடத்துக் காலைகளும் வரிசையாகத் தாண்டவராயன் எதிரில் வந்து நின்றன. அத்தனையிலும் கோடு போட்டிருந்தார், வாலோடு. ஒன்றில்கூட, ஒரே ஒரு காலையில்கூட, இன்னும் ஒரு வார்த்தை கேட்டதாக ஞாபகம் இல்லை. போன் காதில் சுட்டது. விரல் தானாகச் சிவப்புப் பொத்தானைத் தேடியது.

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு குருவைப் பார்த்தார். அவர் முகம் அப்போது இருந்த இருப்பை வேறு யாரும் பார்க்காமல் இருந்தது நல்லது.

"நான் இப்ப என்ன சொல்லட்டும் மேடம்?"

சங்கு ஊதியது. சுவருக்கு அப்பால் லைன் மறுபடி ஓட ஆரம்பித்தது. முதல் டக் கேட்டது.

தமயந்தி எழுந்துபோய் டூல் ரூம் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெச்சிடாதீங்கண்ணா" என்றாள்.